பேரும் பிறந்த தேதியும்

இதில் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. அவர்கள் மேல் உள்ள மரியாதை ஒரு காரணம். பெயரை அளவுக்கு மீறி நம்பியதால் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்திருக்கிறேன் என்பது இன்னொரு காரணம்.

நாகர்கோவிலுக்கு மேற்கே, ஒரு தனியார் ஆஸ்பத்திரியோடு ஒட்டிய நர்சிங் கல்லூரியில் நான் ஆசிரியையாக இருந்தேன். கண்டிப்பானவள். பிள்ளைகள் எனக்கு 'ஸ்கேல்' என்று வட்டப்பேர் வைத்திருந்தார்கள். பட்டப்பெயரைத்தான் எங்கள் பக்கத்தில் வட்டப்பேர் என்போம். ஸ்கேலால் நான் ஒருத்தியையும் அடித்ததில்லை. ஊசி வைக்கும் டிரேயில் எல்லாம் வரிசையாக, ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்பேன், அவ்வளவுதான். அந்தப் பெயர் என் காதுக்கு வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்ள இது போதும்.

இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருடங்களில் ஒன்று. எங்கள் ஆஸ்பத்திரி கண்காணிப்பாளர், அவரும் டாக்டர்தான், ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்து, இனிமேல் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் நோயாளி பார்க்கப் போகிறார்கள் என்று அறிவித்தார். ஆன்லைன் சிமுலேஷன். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று செய்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ரகசியச் சொல் கொடுப்பார்கள். உள்ளே நுழைந்தால் திரையில் ஒரு வார்டு, ஒரு கட்டில், கட்டிலில் ஒரு நோயாளி. கை கழுவுவதிலிருந்து எல்லாவற்றையும் வரிசைப்படி செய்ய வேண்டும். நோயாளியிடம் கேட்க வேண்டியதை ஒரு பெட்டியில் ஆங்கிலத்தில் தட்டினால், அவர் வாயைத் திறந்து பதில் சொல்வார். தவறாகச் செய்தால் அவருக்கு நோய் முற்றும். கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வரும்.

அதுவரைக்கும் எங்கள் பிள்ளைகள் ஊசி போட்டுப் பழகியது ஆரஞ்சுப் பழத்தில். கட்டுப் போட்டுப் பழகியது ஒரு ரப்பர் பொம்மையின் மேல். அதற்கு இடது கை தோளோடு பிய்ந்துபோய், பிளாஸ்டர் ஒட்டி வைத்திருந்தோம். ஆகையால் எனக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போயிற்று. மனுஷர்கள் மேல் பழகிப் பார்ப்பதைவிட திரையில் ஒருவரைப் பத்து தடவை சாகடித்துவிட்டு வார்டுக்குப் போவது நல்லது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். சிமுலேஷனைக் குறை சொல்லி நான் இதை எழுதவில்லை.

லேபுக்கு என்னையே பொறுப்பாகப் போட்டார்கள். பன்னிரண்டு கம்ப்யூட்டர். திரையில் இருந்த நோயாளிகளில் பிள்ளைகளுக்குச் செல்லமானவர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். நீலக் கண், நரைத்த தாடி, ரத்தசோகை. அவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டும், அதுதான் பாடம். முதல் நாளே அவரைப் 'பாட்டா', அதாவது தாத்தா, ஆக்கிவிட்டார்கள். "பாட்டாவுக்கு பிரஷர் பாத்தியா?", "ஏட்டி, பாட்டா கண்ண மூடிட்டாரு" என்று லேபே இரையும். மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். கரண்டு போனால் பேட்டரி பத்து நிமிஷம் தாங்கும், இணையம் அதற்கு முன்பே போய்விடும். பாட்டா வாயைத் திறந்தபடி உறைந்துவிடுவார். திரும்பி வரும்போது, கவனிக்காமல் விட்டதால் நோயாளி கவலைக்கிடம் என்று திரையில் சிவப்பு எழுத்து ஓடும். ஒருத்தி உண்மையிலேயே அழுதிருக்கிறாள். கரண்டு போனதுக்கு நீ என்ன செய்வாய் என்று நான்தான் தேற்றினேன்.

அந்த வகுப்பில் முட்டம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து ஒரு பெண் படித்தாள். அப்பா கடலுக்குப் போகிறவர். வீட்டில் படித்து வந்த முதல் ஆள் அவள்தான். கை சுத்தமான கை. குழந்தைக்கு நரம்பு பார்த்து ஊசி ஏற்றுவதில் சீனியர் நர்சுகளே அவளைக் கூப்பிடுவார்கள். ஆனால் பாட்டாவிடம் மட்டும் அவள் தேறவில்லை. எழுபத்தெட்டு, எழுபத்தாறு, மறுபடியும் எழுபத்தெட்டு. எண்பத்தைந்து எடுத்தவர்களைத்தான் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வேலைக்கு எடுப்பது என்று கண்காணிப்பாளர் சொல்லியிருந்தார். இங்கே இரண்டு வருடம் வேலை பார்த்து அனுபவச் சான்றிதழ் வாங்கினால் கல்ஃபுக்குப் போகலாம். அவளுக்கு அந்தச் சான்றிதழ்தான் எல்லாம். அதை அவள் மறைத்ததும் இல்லை.

ஏன் மதிப்பெண் குறைகிறது என்று ஒருநாள் அவள் பின்னால் நின்று பார்த்தேன். கை கழுவினாள். வணக்கம் சொன்னாள். நோயாளியை அடையாளம் காணும் கட்டம் வந்தது. அங்கே இரண்டு கேள்விதான்: உங்கள் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன. இரண்டையும் கேட்டாள். பாட்டா சொன்னார். பிறகு மூன்றாவதாக ஒன்றைத் தட்டினாள். எந்த வீடு?

பாட்டா நீலக் கண்ணை ஒருமுறை சிமிட்டிவிட்டு, நான் என் சொந்த வீட்டில்தான் வசிக்கிறேன், நன்றி என்றார். தேவையற்ற கேள்வி என்று திரையில் வந்தது. மதிப்பெண் குறைந்தது. அவளோ பாட்டாவுக்கு விளங்கவில்லையோ என்று அதையே வேறு மாதிரி தட்டினாள். நீங்கள் யாருடைய குடும்பம்? மறுபடியும் தேவையற்ற கேள்வி. மறுபடியும் குறைந்தது. பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"இது எதுக்கு மக்களே கேக்குற?" என்றேன்.

"எங்க ஊருல பேரு கேட்டா ஒண்ணும் தெரியாது மேடம். ஒரே பேருல தெருவுக்கு நாலு பேரு உண்டு. எந்த வீடுன்னு கேட்டாதான் ஆளு ஆருன்னு தெரியும்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. கடற்கரை ஊர்களில் ஞானஸ்நானத்துக்கு வைப்பது ஒரு பிடி புனிதர்களின் பெயர்கள்தான். தாத்தா பெயர் மூத்த பேரனுக்கு, பாட்டி பெயர் மூத்த பேத்திக்கு என்று அதுவே சுற்றிச் சுற்றி வரும். அண்ணன் தம்பி ஐந்து பேர் என்றால் ஐந்து வீட்டிலும் ஒரே பெயரில் பிள்ளை இருக்கும். ஆளைப் பிரித்துச் சொல்வது குடும்பத்தின் வட்டப்பேர். சங்குக்காரர் வீடு, வெடிக்காரர் வீடு என்று. கடற்கரையைச் சேராத உள்நாட்டுக்காரியான எனக்கும் இது தெரியும். தெரிந்தாலும், பாடம் என்பது வேறு என்று நினைத்தேன்.

"பாட்டா உங்க ஊரு இல்ல, கேட்டியா? பேரு, பொறந்த தேதி. ரெண்டும் ஒத்துப் போச்சுன்னா ஆளு சரி. உலகம் பூரா அப்படித்தான். மூணாவது கேள்வி கேக்காண்டாம்."

"செரி மேடம்" என்றாள்.

நான் மெட்ராஸில் நர்சிங் படித்தவள். போன புதிதில் நான் வாயைத் திறந்தாலே, நீ மலையாளியா என்று கேட்பார்கள். பாட்டுப் பாடுவது மாதிரி பேசுகிறாயே என்பார்கள். ஒரே வருடத்தில் நாக்கைத் திருத்திக்கொண்டேன். பிறகு ஒருவரும் கேட்கவில்லை. அதனால் அந்தப் பெண்ணுக்கு நான் நல்லதுதான் செய்கிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அடுத்த தடவை அவள் தொண்ணூற்றாறு எடுத்தாள். அந்த வருடத்திலேயே அதுதான் அதிகம். கண்காணிப்பாளரிடம் நானே கொண்டுபோய்க் காட்டினேன். படிப்பு முடிந்ததும் பெண்கள் வார்டில் வேலை கிடைத்தது. சம்பளத்துக்குச் சேர்ந்த அன்று எனக்கு ஒரு பொதி வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் கொண்டுவந்தாள். ஆசிரியர் அறை முழுக்கச் சாப்பிட்டோம்.

எட்டு மாதம் கழித்து நடந்ததைச் சொல்கிறேன். நான் அப்போது வார்டில் இல்லை. அவள் எழுதிக் கொடுத்ததையும் மற்றவர்கள் சொன்னதையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

பெண்கள் வார்டில் ஒரே கடற்கரை ஊரிலிருந்து இரண்டு அம்மாக்கள் படுத்திருந்தார்கள். ஒருவருக்கு மூல நோய். ரத்தம் போய்ப் போய் வெளுத்திருந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் ஏற்ற வேண்டும். இன்னொருவருக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். இருவருக்கும் ஒரே பெயர். பெயருக்கு முன்னால் போடும் எழுத்தும் ஒன்றுதான்.

பிறந்த தேதியும் ஒன்றுதான். அது எப்படி என்றால், அந்த வயதுப் பெண்கள் யாருக்கும் பிறந்த தேதி தெரியாது. பதிவு செய்யும் இடத்தில் கம்ப்யூட்டர், தேதி போடாமல் அடுத்த கட்டத்துக்குப் போகவிடாது. வயசு என்னம்மா என்று கேட்பார்கள். அறுபது இருக்கும் என்பார்கள். அறுபதைக் கழித்து வருடத்தைப் போட்டு, ஜனவரி ஒன்று என்று அடித்துவிடுவார்கள். ஆரு கேட்டாலும் ஜனவரி ஒண்ணுன்னு சொல்லணும், மறந்துராதீங்க என்று சொல்லியும் அனுப்புவார்கள். அவர்களும் அதைப் பாடமாக வைத்துக்கொள்வார்கள்.

ஊர்க்காரர்கள் ஆகையால் இரண்டு அம்மாக்களும் ஒட்டிக்கொண்டார்கள். கால் புண்காரருக்குக் குளியலறை வரை நடக்க முடியவில்லை. மூலக்காரரின் கட்டில் குளியலறைக்குப் பக்கத்தில் இருந்தது. நீங்க இஞ்ச வாங்க, நான் அங்க போறேன் என்று மத்தியானம் சாப்பிட்ட கையோடு இடம் மாறிப் படுத்துக்கொண்டார்கள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுக்கிற மாதிரிதான். போர்வையையும் ஃபிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டார்கள். கட்டில் காலடியில் தொங்கிய கேஸ் ஷீட்டை எடுத்து மாட்ட அவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால்தான் ஆச்சரியம். கையில் கட்டும் பெயர்ப் பட்டையை அப்போது ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு மட்டும்தான் கட்டிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பெண் இரண்டு மணிக்கு டூட்டிக்கு வந்தாள். அந்த அம்மாக்கள் சேர்ந்த பிறகு அவளுக்கு அதுதான் முதல் டூட்டி. மூன்று மணிவாக்கில் ரத்தப் பை வந்தது. பையில் இருந்த எண்ணும் கேஸ் ஷீட்டில் இருந்த எண்ணும் ஒன்று. இன்னொரு நர்சும் கூட நின்று சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு கட்டிலில் இருந்தவரிடம், அதாவது காலைப் போர்வையால் மூடிப் படுத்திருந்த கால் புண்காரரிடம், பெயர் கேட்டாள். சொன்னார். பிறந்த தேதி கேட்டாள். ஜனவரி ஒண்ணு என்றார். வருடமும் சொன்னார். எல்லாம் ஒத்துப்போயிற்று. ரத்தத்தை ஏற்றினாள்.

எனக்கு எதற்கு ரத்தம் என்று அந்த அம்மா கேட்கவில்லை. டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்தாராம். எங்கள் நோயாளிகள் கேட்க மாட்டார்கள். கேட்டால் டாக்டருக்குப் பிடிக்காது என்று ஒரு பயம். நிஜ மூலக்காரர் அந்த நேரம் ஸ்கேனுக்குப் போயிருந்தார்.

முதல் பதினைந்து நிமிஷம் நோயாளியை விட்டு நகரக்கூடாது என்பது பாட்டாவிடம் படித்தது. அவள் நகரவில்லை. ஏழெட்டு நிமிஷத்தில் அந்த அம்மா, "ஒரு மாதிரி வெப்ராளமா இருக்கு மக்களே, இடுப்பு கடுக்குது" என்றார். வெப்ராளம் என்றால் இன்னதென்று வேறு ஊர்க்காரருக்குச் சொல்வது கஷ்டம். வலி என்று சொல்ல முடியாது, பயம் என்றும் சொல்ல முடியாது; உடம்பு ஏதோ நடக்கப்போகிறது என்று கிடந்து தவிப்பது. அதைக் கேட்ட நொடியிலேயே அவள் ரத்தத்தை நிறுத்திவிட்டாள். டியூபை மாற்றி சலைன் போட்டாள். டாக்டரைக் கூப்பிட்டாள். பையைக் கீழே போடாமல் எடுத்து வைத்தாள். எல்லாம் வரிசைப்படி. அந்த அம்மாவுக்கு நடுக்கம் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

டாக்டர் வருவதற்குள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நீங்க எந்த வீடு?" என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மா சொன்னார். அந்த வீட்டு அம்மா கால் புண்ணுக்காகப் படுத்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய பக்கத்து ஊர்தானே. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம்.

வேறு வகை ரத்தம் ஏறியிருந்தும் அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஐசியுவில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். மூத்திரம் சிவந்து போயிற்று. கிட்னி போய்விடுமோ என்று எல்லோரும் பயந்தோம். போகவில்லை. இன்னும் நாலு நிமிஷம் ஓடியிருந்தால் கதை வேறு என்று டாக்டர் சொன்னார். மகன்மார் இரண்டு பேர் வந்தார்கள். கண்காணிப்பாளர் ஒன்றையும் மறைக்காமல் அவர்களிடம் சொன்னார். அந்த மட்டில் அவர் நேர்மையானவர். அவர்கள் சத்தம் போட்டார்கள். போடத்தானே செய்வார்கள்.

விசாரணைக்கு மூன்று பேர். கண்காணிப்பாளர், மேட்ரன், பயிற்சிப் பொறுப்பாளர் என்ற முறையில் நான். காலை பத்து மணிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அயர்ன் செய்த யூனிஃபார்மில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. அவள் வேலை போகப்போகிறது என்பது எங்கள் நான்கு பேருக்குமே தெரியும். கவனக்குறைவால் நீக்கப்பட்டார் என்று எழுதிவிட்டால் சான்றிதழும் கிடையாது. இங்கே கிடைக்காதது வேறு எங்கும் கிடைக்கப்போவதில்லை.

"நீ கடற்கரைக்காரிதானே? ரெண்டு பேரையும் உனக்குத் தெரியாதா?" என்றார் கண்காணிப்பாளர்.

"முகம் தெரியாது சார். எந்த வீடுன்னு கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"பின்ன ஏன் கேக்கல?"

அவள் என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேஜை மேல் இருந்த காகிதக் கட்டின் ஓரங்களை நான் ஒன்றாகத் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தேன்.

"கேக்கல சார். எனக்க தப்புதான்" என்றாள்.

போகச் சொன்னார்கள். போய்விட்டாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பயம்தான். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. லேப் என் பொறுப்பு. அதைப் பார்க்க வெளியூர்க் கல்லூரிகளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு அடுத்த வருடம் துணை முதல்வர் பதவி என்று பேச்சு இருந்தது. இதெல்லாம் அந்த இரண்டு நிமிஷத்தில் என் மண்டைக்குள் வரிசையாக வந்து நின்றன. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

கண்காணிப்பாளர் சொல்லச் சொல்ல மேட்ரன் எழுத ஆரம்பித்தார். நோயாளியை அடையாளம் காண்பதில் கவனக்குறைவு என்ற வரி வந்தது. அந்த வரியை என்னால் தாங்க முடியவில்லை. அவளுக்குக் கவனக்குறைவு என்று சொன்னால் இந்த மாவட்டத்தில் கவனம் உள்ள நர்ஸ் ஒருத்தியும் இல்லை.

"சார், அந்தக் கேள்விய அவ எப்பவும் கேப்பா. கேக்காண்டாம்னு சொன்னது நான்" என்றேன். எனக்கே தெரியாமல் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

எழுபத்தெட்டு மதிப்பெண்ணிலிருந்து தொண்ணூற்றாறு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். கண்காணிப்பாளருக்கு எரிச்சல்.

"நீங்க சொன்னது கம்ப்யூட்டருக்கு. இது வார்டு."

"ரெண்டும் ஒண்ணுன்னுதான் சார் சொல்லிக்கொடுத்தேன். உலகம் பூரா அப்படித்தான்னு சொன்னேன்."

"பேரும் பிறந்த தேதியும் பாத்தா போதும்ங்கறதுல என்ன தப்பு?"

மேட்ரன் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனார். பெண்கள் வார்டின் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துவந்து அவர் முன்னால் விரித்து வைத்தார். வயதானவர்களில் பாதிக்கு மேல் ஜனவரி ஒன்றில் பிறந்திருந்தார்கள். கண்காணிப்பாளர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவர் அதைப் பார்த்ததே இல்லை. நான் மட்டும் பார்த்திருக்கிறேனா? அந்த வார்டுக்கு வாரம் மூன்று நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவள் நான்.

"அப்ப யாரை அனுப்பணும்கிறீங்க? உங்களையா, அவளையா?" என்றார் கடைசியில்.

"என்னை லேபுலேருந்து எடுத்துருங்க சார். அவளுக்கு அந்த வரிய எழுதாண்டாம்."

ஒரு நாள் எடுத்துக்கொண்டார். மறுநாள் முடிவு வந்தது. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம். தகுதிகாண் காலம் ஆறு மாதம் நீட்டிப்பு. வேலை உண்டு, சான்றிதழும் உண்டு, கொஞ்சம் தாமதமாக. எனக்கும் ஒரு கடிதம். லேப் வேறொருவர் கைக்குப் போயிற்று. துணை முதல்வர் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. வார்டில் படுக்கிற எல்லோருக்கும் கையில் பட்டை கட்டத் தொடங்கினார்கள். சேர்க்கைப் படிவத்தில் வீடு என்று ஒரு கட்டம் புதிதாக வந்தது. கடற்கரைக்காரர்கள் அதில் வட்டப்பேரைச் சொல்வார்கள். உள்நாட்டில் பூதப்பாண்டிப் பக்கத்து ஆட்கள் வீட்டு நம்பரைச் சொல்வார்கள். சொந்த வீடா வாடகை வீடா என்று திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. எப்படியோ ஓடிற்று.

முடிவு வந்த அன்று சாயங்காலம் அவளைப் பார்க்க வார்டுக்குப் போனேன். மருந்து வைக்கும் அறையில் மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனது லேசாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இழக்க வேண்டியதை இழந்துவிட்டேன், கணக்கு தீர்ந்தது என்ற நினைப்பு. விசாரணை அறையில் அவள் போன பிறகு நடந்ததை அவளிடம் சொன்னேன். நீ கேட்காமல் விட்டது உன் தப்பு அல்ல, நான் சொன்னதால்தானே விட்டாய், அதை அவர்களிடம் சொல்லிவிட்டேன் என்றேன்.

அவள் மாத்திரையைப் பிரிப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க கேக்காண்டாம்னு சொன்னதுக்கு நான் விடல மேடம்" என்றாள்.

"பின்ன?"

"மார்க்குக்குன்னா பாட்டாகிட்ட மட்டும் விட்டாப் போதும்லா? வார்டுல கேக்கலாமே. ஆரு மார்க்கு போடப் போறா?"

அவளே சொன்னாள். கோபம் இல்லாமல், மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி சொன்னாள்.

"அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாவல்லா. அப்பம் நீங்களும் சிரிச்சிட்டு, இது என்ன மீன் சந்தையா, வாற ஆளுகிட்டயெல்லாம் வீடு வெசாரிக்கன்னு சொன்னீங்க. எங்கம்மை சந்தையில மீன் விக்கிறவ மேடம். அவளும் இப்படித்தான் எல்லார்கிட்டயும் எந்த வீடுன்னு கேப்பா. அதுக்குப் பொறவு எனக்கு அந்தக் கேள்வி வாயில வரல. நாணக்கேடா இருந்து. வீட்டுல அம்மை ஆருகிட்டயாவது கேட்டாக்கூட எனக்கு நாணக்கேடா இருந்து."

மன்னிப்புக் கேட்டேன். செரி மேடம் என்றாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆறு மணி ஊசிக்கு நேரமாகிவிட்டது என்று டிரேயை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. விசாரணையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இது எனக்குத் தெரிந்திருந்தால்தானே சொல்வதற்கு. இத்தனை வருடம் கழித்தும் அந்த நாளைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவளுடைய முதுகு, திரையில் நீலக் கண், பிள்ளைகளின் சிரிப்பு எல்லாம் வருகிறது. நான் அந்த வார்த்தையைச் சொன்னது மட்டும் வரவில்லை. அவள் பொய் சொல்கிறவள் அல்ல. சொல்லியிருப்பேன். சொல்லக்கூடியவள்தான் நான்.